இருப்புக் கணக்கெடுப்புக்குக் கை கொடுத்தவர்களுக்கு

பெற்றோருக்கும், பிள்ளைகளுக்கும், கொழிஞ்சாம்பாறைச் சுற்றுவட்டாரத்து நண்பர்களுக்கும் வணக்கம்.

கோடை விடுமுறையில் தொடங்கிய நம் பள்ளி நூலகக் கணக்கெடுப்பு, ஜூன் 19 வாசிப்பு தினத்துக்கு முன்பே முடிந்துவிட்டது. கேரள நூலக இயக்கத்தின் முன்னோடியான பி.என்.பணிக்கரின் நினைவு நாளான அன்று அலமாரிகள் பூட்டிக் கிடந்திருந்தால் அதைவிட வெட்கக்கேடு வேறில்லை.

நூலகப் பொறுப்பு என்றால் புத்தகம் எடுத்துக் கொடுத்துத் திருப்பி வாங்குவது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது மதிய இடைவேளையோடு சரி. மீதியெல்லாம் பதிவேடு. புத்தகம் வந்ததும் பில்லோடு ஒப்பிட்டு, வரவுப் பதிவேட்டில் எண் போட்டு, முத்திரை குத்தி, முதுகில் எண் ஒட்டி, தேதிச் சீட்டும் ஒட்டிய பிறகுதான் அது பிள்ளைகள் கைக்குப் போகும். தொலைந்த புத்தகத்தின் எண்ணை இன்னொன்றுக்குக் கொடுக்கவும் கூடாது. குறிப்புக் கட்டத்தில் காரணம் எழுதி, அந்த வரியை அப்படியே விட வேண்டும்.

முதல் நன்றி மலையாளம் டீச்சருக்கு. நம் பதிவேட்டில் தமிழ்ப் புத்தகங்களின் பெயர் தமிழிலேயே இருக்கிறது. தணிக்கைக்கு வருகிறவர்கள் எல்லாருக்கும் தமிழ் படிக்க வராது. நான் வாசிக்க வாசிக்க, பக்கத்திலேயே மலையாள எழுத்தில் எழுதிக் கொடுத்தார். எனக்குத் தொண்டை கட்டியது. அவர் பேனாவைக் கீழே வைக்கவில்லை. புத்தகங்களைப் பொருள்வாரியாக எண் கொடுத்து அடுக்கும் டியூயி முறையில் தமிழ் இலக்கியம் 894.811, மலையாள இலக்கியம் 894.812. அடுத்தடுத்த தட்டுகள் என்பதால் இரண்டையும் ஒரே மூச்சில் பார்த்து முடித்தோம்.

பொள்ளாச்சியில் வாங்கிய புத்தகங்களின் பில்லில் ஜி.எஸ்.டி. இல்லையே, திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று பயந்துகொண்டிருந்தேன். அச்சுப் புத்தகத்துக்கு அந்த வரியே கிடையாது என்று சொல்லி, மூன்று கொட்டேஷன்களையும் வவுச்சரோடு சேர்த்துக் கோப்பு கட்டியவர் நம் அலுவலக கிளார்க் சேட்டன். அந்தக் கட்டுகளைக் கோபாலபுரம் வழியாகத் தன் காய்கறி வண்டியில் ஏற்றி வந்த அண்ணன் வாடகையே வாங்கிக்கொள்ளவில்லை.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைப் பற்றித் தனியாகவே எழுதலாம். ஒருவர் எண் கூப்பிட, ஒருவர் தட்டில் தேட, ஒருவர் டிக் அடிக்க என்று அவர்களே வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். காணாமல் போனவை என்று நாங்கள் எழுதி வைத்திருந்ததில் சில, ஆசிரியர் அறை அலமாரியில் அகப்பட்டன. யார் எடுத்து வைத்தது என்று நான் கேட்கவில்லை.

ராமபாணப் பூச்சி அரித்த கட்டுகளைத் தட்டித் துடைத்து நிழலில் விரித்துக் கொடுத்த அக்காமாருக்கும் நன்றி. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் குடும்பத்தார், அவருடைய புத்தகங்களைக் கொடுத்தபோது நூலாசிரியர் பெயர், பதிப்பகம், விலை எல்லாம் எழுதிய பட்டியலையும் சேர்த்தே கொடுத்தார்கள். நன்கொடைப் புத்தகம் இலவசம்தான். ஆனால் பில் இல்லாததால் பதிவேட்டு வேலை இரட்டிப்பு. அந்தப் பட்டியல் எவ்வளவு பெரிய உபகாரம் என்று எனக்குத்தான் தெரியும்.

பைண்டிங்குக்குப் போனவை இன்னும் வரவில்லை. மற்றவற்றைத் திங்கட்கிழமை முதல் எடுத்துப் போகலாம். வீட்டில் பழைய நூலகப் புத்தகம் வைத்திருப்பவர்கள் வாசலில் உள்ள பெட்டியில் போட்டுவிடுங்கள். அபராதம் வேண்டாம் என்று ஹெச்.எம். சம்மதித்துவிட்டார்.

இப்படிக்கு,
நூலகப் பொறுப்பு ஆசிரியை
சித்தூர் தாலுகா, பாலக்காடு மாவட்டம்