ஆர்கானிக் சத்துமாவு விற்பவர்களுக்கு: இரும்புச்சத்து எவ்வளவு என்று போடுங்கள்

குழந்தைகளுக்கான ஆர்கானிக் சத்துமாவு தயாரித்து விற்கும் அன்பர்களுக்கு,

வணக்கம். வாட்ஸ்அப்பில் சொன்னால் கூரியரில் வீடு தேடி வரும் உங்கள் மாவுக்கு நானும் ஒரு வாடிக்கைக்காரிதான். மணத்திலும் சுத்தத்திலும் குறை சொல்ல மாட்டேன். கேட்க வேண்டியது வேறு.

பாக்கெட்டின் முன்பக்கம் ‘ஆர்கானிக்’, ‘சர்க்கரை சேர்க்காதது’, ‘21 வகை தானியங்கள்’. பின்பக்கம் கலோரி, புரதம், மாவுச்சத்து, கொழுப்பு. இரும்புச்சத்து எத்தனை மில்லிகிராம்? அந்த வரியே இல்லை. ஆறு மாதம் முடிந்த குழந்தைக்கு முதலில் தேட வேண்டிய வரி அதுதான்.

நிறைமாதத்தில் பிறந்த குழந்தை, வயிற்றில் இருக்கும்போதே சேர்த்துக்கொண்ட இரும்பை வைத்துத்தான் முதல் ஆறு மாதத்தை ஓட்டுகிறது. தாய்ப்பாலில் உள்ள இரும்பு நன்றாக உடம்பில் ஒட்டும். ஆனால் அளவு சொற்பம், லிட்டருக்கு அரை மில்லிகிராம்கூட இருக்காது. அப்புறம் இணை உணவுதான் கைகொடுக்க வேண்டும். 6 முதல் 12 மாதம் வரை நாளுக்கு 3 மில்லிகிராம் என்கிறது ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2020 பரிந்துரை. அமெரிக்காவில் 11 என்கிறார்கள். உங்கள் மாவில் சேரும் ராகியையே எடுத்துக்கொள்வோம்: 100 கிராமில் இருப்பதோ சுமார் 4.6 மில்லிகிராம். ஒரு வேளைக்கு 20 கிராம் மாவு கரைத்தால் 1 மில்லிகிராம்கூடத் தேறாது. அதிலும் ராகியில் இயற்கையாகவே உள்ள ஃபைட்டேட், டானின் என்ற பொருட்கள் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்வதால், உடம்பில் சேருவது அதில் ஒரு சிறு பங்குதான். ராகியின் பெருமை கால்சியம். அதற்காகவே தாராளமாக விற்கலாமே.

ஆர்கானிக் முத்திரை, பயிருக்கு ரசாயன உரமும் பூச்சிமருந்தும் போட்டார்களா என்பதோடு நின்றுவிடுகிறது. ‘எதுவும் சேர்க்கவில்லை’ என்று நீங்கள் பெருமையாகச் சொல்லும்போது, இரும்பும் சேர்க்கவில்லை என்பது அதில் அடக்கம். அங்கன்வாடியில் இலவசமாகத் தரும் மாவில் வைட்டமின்களும் தாதுக்களும் கலக்கிறார்கள். அதை ‘கெமிக்கல்’ என்று மாட்டுக்கு வைத்துவிட்டு உங்கள் மாவை வாங்கும் வீடுகள் எனக்குத் தெரியும். அந்தப் பயத்தை வளர்த்ததில் உங்கள் விளம்பரங்களுக்கும் பங்கு உண்டு. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. முந்தைய ஆய்வில் இது 50.7 ஆக இருந்தது.

எல்லாரும் செயற்கைச் சத்து கலக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ராகியை உண்மையிலேயே முளைகட்டுங்கள், ஃபைட்டேட் ஓரளவு குறையும். 21 தானியத்தை 5 ஆக்கினாலும் ஒன்றும் குறைந்துவிடாது. ஏதாவது ஒவ்வாமல் போனால் எதனால் என்று கண்டுபிடிக்கவாவது முடியும். லேபிளில் இரண்டு வரி சேருங்கள். ஒன்று: கஞ்சியோடு கொய்யாவோ ஆரஞ்சோ மசித்துக் கொடுங்கள், அதிலுள்ள வைட்டமின் சி இரும்பை உடம்பில் சேர்க்கும். இரண்டு: வாரம் இருமுறை 1 மில்லிலிட்டர் கொடுக்கச் சொல்லி செவிலியர் தரும் இரும்புச்சத்து சிரப்பை இந்த மாவை நம்பி நிறுத்திவிடாதீர்கள்.

அடுத்த லாட்டுக்கு லேபிள் அடிப்பதற்கு முன் ஒரு மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பிப் பாருங்கள். எண் சின்னதாக வந்தாலும் அப்படியே போடுங்கள். நான் அப்போதும் வாங்குவேன். கூடவே ஒரு முட்டையை வேகவைத்துக்கொள்வேன், அவ்வளவுதான்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்களில் ஒருத்தி