குஞ்சு பறக்கும் வரையாவது பொறுங்கள்

எங்கள் ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களுக்கும் வார்டு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

கண்மாய்க்கரைப் பனை விவகாரம் உங்களுக்குத் தெரியாததல்ல. முதல் 5 மரங்கள் சாய்ந்தபோது உங்களில் இரண்டு பேர் அங்கேதான் நின்றிருந்தீர்கள். மீதி 7 நிற்கின்றன, ஏழிலும் தூக்கணாங்குருவிக் கூடுகள். குஞ்சுகள் பறக்கும் வரையாவது அவற்றில் கோடாரி வைக்காதீர்கள் என்று கேட்கவே இந்த மடல்.

விழுந்த மட்டைகளில் 14 கூடுகளை எண்ணினேன். பக்கத்து வீட்டுப் பையன் ஒரு கூட்டைப் பிரித்து மூன்று குஞ்சுகளை எடுத்தான். இறகுகூட முளைக்கவில்லை, ஒன்றுக்குத்தான் உயிர் இருந்தது. தாய்க்குருவி வாயில் வெட்டுக்கிளியோடு, கூடு தொங்கிய அதே உயரத்தில், வெறும் காற்றைச் சுற்றிக்கொண்டிருந்தது. இருட்டும் வரை சுற்றியது. விடியும்போது அந்த ஒரு குஞ்சும் இல்லை.

ஒரு கூட்டை முடிக்க ஆண்குருவி சுமார் 500 தடவை நார் சுமக்கிறது. பாதி கட்டியதும் பெட்டை வந்து பார்க்கும். பிடிக்கவில்லையென்றால் கட்டியதை அப்படியே விட்டுவிட வேண்டியதுதான். நம் தொகுப்பு வீடுகளுக்கு அப்படியொரு பரிசோதனை இருந்திருந்தால்... சரி, அது வேறு கதை.

இந்தக் குருவி மின்மினியைக் களிமண்ணில் ஒட்டி வீட்டுக்கு விளக்கு வைக்கும் என்பாள் என் அப்பத்தா. பிய்ந்த கூடுகளில் களிமண் இருந்தது, மின்மினி இல்லை. கண்மாய்க்கரைத் தெருவிளக்கும் ஆறு மாதமாக அந்தக் கதைதான்.

"குருவி கம்மங்கதிரைத் தின்னுது" என்றார் ஓர் உறுப்பினர். தின்னும்தான். குஞ்சுக்கு ஊட்டுவது புழுவும் வெட்டுக்கிளியும் என்பதையும் அதே கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

பனை நம் மாநில மரம். அதை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டிலேயே அறிவித்தார்கள். அனுமதித் தாளைக் கேட்டேன். "கரையைப் பலப்படுத்துறோம்" என்று பதில் வந்தது. கரையை வேரால் பிடித்து நிற்கும் மரத்தைச் செங்கல் சூளைக்கு அனுப்பிவிட்டுக் கரையைப் பலப்படுத்தும் வித்தை எனக்குப் பிடிபடவில்லை.

மழையில் நனைந்த குரங்குக்குப் புத்தி சொன்ன தூக்கணாங்குருவியின் கூடு என்ன ஆனது என்று நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் தெரியும். தெரிந்துதான் எழுதுகிறேன். வார்த்தை தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முட்டையிட்டுக் குஞ்சு பறக்க ஒரு மாதத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகும், அவ்வளவுதான். அதுவரை அந்த 7 பனைகளையும் தொடாதீர்கள். அப்புறமும் வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால், அனுமதித் தாளை முதலில் அலுவலகப் பலகையில் ஒட்டுங்கள். தயவுசெய்து.

இப்படிக்கு,
கண்மாய்க்கரைத் தெருவாசி