மண்டபத்தில் மூட்டை சேர்க்கும் முன்

பினாங்கு ஆலய நிர்வாகங்களுக்கும், தமிழர் இயக்கங்களுக்கும், தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கும் வணக்கம்.

எங்கோ சண்டை, சனங்கள் வீடிழந்து நிற்கிறார்கள் என்று செய்தி வந்த மறுவாரமே நம் மண்டபங்களில் மூட்டை சேரத் தொடங்கிவிடுகிறது. கொடுக்கும் மனத்தில் குறையே கிடையாது. அங்கே வாங்கப்போகிறவரைக் கேட்காமல் இங்கே மைக்கில் அறிவித்துவிடுகிறோமே, சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. எனவே எங்கள் வேண்டுகோள்: பெறுநர் யார், அவருக்கு என்ன வேண்டும், துறைமுகச் செலவை யார் கட்டுவார் என்ற மூன்றும் எழுத்தில் வரும்வரை ஒரு பொட்டலம்கூட வாங்காதீர்கள்.

வணங்காமண் கப்பலை நம்மில் பலருக்கு நினைவிருக்கும். 2009-இல் புலம்பெயர் தமிழர் 884 டன் உணவும் மருந்தும் ‘கேப்டன் அலி’ என்ற கப்பலில் ஏற்றி, ஐரோப்பாவிலிருந்து வன்னிக்கு அனுப்பினார்கள். ஜூனில் இலங்கைக் கடற்படை அதைத் திருப்பியது. சரக்கு சென்னையில் இறங்கி, வேறு கப்பலில் கொழும்புக்குப் போய், சுங்க அனுமதியும் கட்டணமும் தீராமல் துறைமுகத்தில் மாதக்கணக்கில் கிடந்தது. அந்த நேரத்தில், போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த வவுனியாவின் மெனிக் பாம் முகாமில் மக்கள் முள்வேலிக்குள் இருந்தார்கள். 2017 பிப்ரவரியில் கிள்ளான் துறைமுகத்திலிருந்து மியன்மாரின் ரோஹிங்யா மக்களுக்காகப் புறப்பட்ட ‘நாட்டிகல் அலியா’ கப்பலுக்கும் அவர்கள் வாழும் பகுதியிலுள்ள சித்வே துறைமுகத்துக்குப் போக அனுமதி கிடைக்கவில்லை. 500 டன் யாங்கூன் அருகே இறங்க, மீதி வங்காளதேசம் போயிற்று. இரண்டிலும் சரக்குக்குப் பஞ்சமில்லை, வழிதான் அடைபட்டிருந்தது.

அடுத்தது அரிசி. இதில்தான் நாம் அதிகம் ஏமாறுகிறோம். ஒருவருக்கு நாளைக்கு 400 கிராம் அரிசி, 60 கிராம் பருப்பு, 25 கிராம் எண்ணெய், 5 கிராம் உப்பு என்று வைத்தால், ஐந்து பேர் குடும்பத்துக்கு மாதம் 60 கிலோ அரிசி, 9 கிலோ பருப்பு, 3.75 கிலோ எண்ணெய், முக்கால் கிலோ உப்பு ஆகும். இவ்வளவும் போட்டாலும் ஒருவருக்குக் குறைந்தபட்சமாகக் கணக்கிடப்படும் 2,100 கிலோகலோரி எட்டாது; காய், மீன், முட்டை வேண்டும். வங்காளதேசத்தில் ரோஹிங்யா அகதிகள் வாழும் காக்ஸ் பஜார் முகாம்களில் ஐ.நா.வின் உலக உணவுத் திட்டம் அட்டையில் பணம் ஏற்றித் தருகிறது; குடும்பங்கள் முகாம் கடையிலேயே அரிசியும் காயும் வாங்குகின்றன. 2023-இல் அந்தத் தொகை ஒருவருக்கு மாதம் 12 டாலரிலிருந்து 10 ஆகி, பிறகு 8-க்கு இறங்கியது. கடையில் அரிசி இருந்தது. அட்டைக்குத்தான் நிதி இல்லை. தனக்கே போதாமல் இறக்குமதி செய்யும் மலேசியாவிலிருந்து, அரிசி விளையும் வங்காளதேசத்துக்கு மூட்டை கட்டி அனுப்புவது கப்பல் நிறுவனத்துக்குச் செய்யும் தருமம். சந்தை இயங்கும் இடத்துக்குப் பணம்தான் சரி.

பால் மாவும் புட்டியும் வேண்டவே வேண்டாம். மாவைக் கரைக்கக் கொதித்த நீர் வேண்டும், புட்டியைக் கழுவ இன்னும் நீர் வேண்டும், அடுப்புக்கு எரிபொருள் வேண்டும். முகாமில் மூன்றுமே தட்டுப்பாடு. குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வரும். புட்டிக்குப் பழகியபின் தாய்ப்பாலும் வற்றும், மாவு தீர்ந்த அன்று கொடுக்க ஒன்றும் இருக்காது. தாய்ப்பாலுக்கு வழியே இல்லாத சிசுக்களை அங்குள்ள சுகாதாரப் பணியாளர்கள் தனித்தனியாகக் கண்டறிந்து கவனிக்கட்டும்.

மருந்தும் அப்படியே. உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி, போய்ச் சேரும்போது பொதுவாக ஓராண்டாவது காலாவதிக்கு மிச்சமிருக்கவேண்டும் என்கிறது. நம் கிளினிக்கில் சின்ன பிளாஸ்டிக் பையில் போட்டுத் தரும் மாத்திரையில் தயாரிப்புத் தொகுதி எண்ணும் (batch) இருக்காது, காலாவதித் தேதியும் இருக்காது. 2004 சுனாமிக்குப் பின் இந்தோனேசியாவின் ஆச்சேவுக்கு வந்து குவிந்த மருந்தில் பல நூறு டன்னை அழிக்கவே தனிச் செலவானது.

பெறுநரே பொருள் கேட்டால், ஒரு சங்கம் ஒரே வகைப் பொருள் எடுத்துக்கொள்ளட்டும். சோப்பு நல்ல தேர்வு: ஒருவருக்கு மாதம் குளிக்க 250 கிராம், துவைக்க 200 கிராம். தண்ணீர்க் கலனென்றால் 10 முதல் 20 லிட்டர் வரை, குறுகிய வாயும் மூடியும் உள்ளதாக, வீட்டுக்கு இரண்டு. வாய் அகன்ற வாளியில் கைவிட்டு மொண்டால் குழாயில் சுத்தமாக வந்த நீரும் கெட்டுப்போகும். தார்ப்பாய் 4-க்கு 6 மீட்டர், ஓரம் தடித்து, கயிறு கட்டும் துளைகளோடு இருக்கவேண்டும். வன்பொருள் கடையில் கிடைக்கும் மெல்லிய நீல கென்வாஸ் வெயிலில் சீக்கிரமே நார் நாராகக் கிழியும். கைலி, மாதவிடாய்த் துணி, உள்ளாடை எல்லாம் புதியதாக மட்டும். பருப்பு கேட்டால் மைசூர் பருப்பு. கொண்டைக்கடலை வேக ஆகும் விறகுக்கு அவர்கள் எங்கே போவார்கள்?

கட்டும்போது ஒரு பெட்டியில் ஒரே பொருள். ஒருவர் தூக்கும் அளவாக 15 கிலோ. இரு பக்கங்களில் எண், உள்ளே என்ன எத்தனை என்று பட்டியல். துணிக்குள் சோப்பு, சோப்புக்கு மேல் மீ பாக்கெட் என்று கலந்து கட்டினால், சுங்கத்தில் எல்லாப் பெட்டியையும் பிரிப்பார்கள். நாள் கடக்கக் கடக்கத் தாமதக் கட்டணம் ஏறும். பெட்டிகளை அடுக்கும் மரப் பேலட்டில் ஐஎஸ்பிஎம் 15 என்ற பன்னாட்டு மரப் பொதிவுத் தர முத்திரை இருக்கிறதா பாருங்கள். பூச்சி நீக்க 56 டிகிரியில் 30 நிமிடம் சூடேற்றியதற்கோ, அங்கீகரித்த வேறு முறையில் பதப்படுத்தியதற்கோ அதுவே அடையாளம். முத்திரை இல்லாவிட்டால் இறக்குமதி நாட்டில் தடுக்கக்கூடும். பட்டர்வொர்த் முனையத்தில் கொள்கலன் பூட்டுமுன் ஈர உறிஞ்சிப் பைகளைத் தொங்கவிடுங்கள். இரவில் கூரையில் படியும் நீர் சொட்டி அட்டைப்பெட்டி கூழாகிவிடும்.

வீடு வீடாகவோ தெருவிலோ வசூலிக்க 1947-ஆம் ஆண்டுச் சட்டப்படி போலீஸ் உரிமம் வேண்டும். வரிவிலக்கு ரசீதை உள்நாட்டு வருமான வரி வாரியம் அங்கீகரித்த அமைப்பு மட்டுமே தரலாம். தனிநபர் வங்கிக் கணக்கில் வாங்கவே கூடாது, அது தலைவருடையதாக இருந்தாலும்.

ஏற்கெனவே மண்டபத்தில் குவிந்துகிடக்கும் பழைய துணியைக் கிலோ கணக்கில் எடுக்கும் மறுசுழற்சிக் கடைக்குப் போடுங்கள். வந்த தொகையை நிவாரண நிதியிலேயே சேருங்கள். துணி கொடுத்தவர்களிடம் மறைக்க வேண்டாம். எடையையும் தொகையையும் எழுதி, ரசீதோடு அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுங்கள்.

இப்படிக்கு,
நிவாரணப் பொருள் பிரித்துக் கட்டி அனுப்பும் பணியிலுள்ள தொண்டர்கள்,
பட்டர்வொர்த்