செயலாளரின் ஆண்டறிக்கை: பழைய கார் பராமரிப்போர் சங்கம், கிருஷ்ணகிரி

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், நேரம் ஒதுக்கி வந்திருக்கும் மற்ற உறுப்பினர்களுக்கும் வணக்கம். சங்கத்தின் ஓராண்டுப் பணிகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

செயற்குழு விதிப்படி கூடியது. குடியரசு நாளன்று நம் கார்கள் அணிவகுத்தன. 50 ஆண்டுகளைக் கடந்த வாகனங்களின் பதிவுக்காக மத்திய அரசு 2021இல் கொண்டுவந்த விதிகளைப் பற்றி ஒரு விளக்கக் கூட்டம் நடைபெற்றது. ஒகேனக்கல் பயணமும் நடைபெற்றது. அதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

திரும்பி வரும்போது, பென்னாகரம் மலைப்பாதையில் இருட்டும் நேரத்தில், உறுப்பினர் ஒருவரின் பத்மினி காரில் முன்விளக்கு இரண்டும் அணைந்தன. பானெட்டைத் திறந்து பார்த்தால், முன்பு வேலை பார்த்த எலெக்ட்ரீஷியன் வயர்களை விளக்கோடு இணைக்கும் பிளாஸ்டிக் கப்ளரையே வெட்டி எறிந்துவிட்டு, வயர்களை முறுக்கி டேப் சுற்றியிருந்தார். அந்த டேப் உருகி வழிந்திருந்தது. 12 வோல்ட் வண்டியில் 60 வாட் பல்பு ஏறக்குறைய 5 ஆம்பியர் இழுக்கிறது. இணைப்பில் 0.1 ஓம் தடை சேர்ந்தாலே அந்த இடத்தில் அரை வோல்ட் குறைந்து, 2.5 வாட் வெப்பம் ஒரு விரல்நுனி அளவு இடத்தில் தேங்குகிறது. குழந்தைகள் ஏறியிருந்த வண்டி அது. கப்ளரை வெட்டாமல் வயரைக் கழற்றும் பயிற்சி ஒன்றை நம் உறுப்பினர்களுக்குத் தொடங்குவதென்று அன்றிரவே முடிவு செய்தேன்.

கொல்கத்தா அருகே உத்தர்பாராவில் அம்பாசடர் உற்பத்தி 2014இல் நின்றது. ஹெரால்டு, பத்மினி கார்களும் அதற்கு வெகு முன்பே நின்றுபோயின. வெட்டிய கப்ளருக்கு ஈடான கப்ளர் பெங்களூருவின் உதிரிபாகக் கடைத்தெருவான ஜே.சி. ரோட்டில் நாள் முழுக்கத் தேடினாலும் பல நேரம் கிடைப்பதில்லை. எனவே வெட்டாமல், உள்ளிருக்கும் டெர்மினலை, அதாவது வயர் நுனியில் உள்ள உலோக முனையை மட்டும் கழற்றக் கற்றுக்கொள்வது நம் ஒவ்வொருவருக்கும் அவசியமாகிறது. உறுப்பினர் ஒருவர் தமது மாங்காய் மண்டியின் பின்கட்டை இதற்கெனத் தந்தார். ஒரு பிளைவுட் பலகையில் அம்பாசடர், ஹெரால்டு வண்டிகளின் புல்லட் இணைப்புகளையும் (குண்டு வடிவ முனையைக் குழாயில் செருகுபவை), 6.3 மி.மீ. அகலப் பட்டை டெர்மினல்களையும், 1983இல் அறிமுகமாகி இன்று பழைய கார் வரிசையில் சேர்ந்துவிட்ட மாருதி 800இன் பல பின் கப்ளர்களையும் பொருத்தி வைத்தேன்.

முதலில் பேட்டரியின் எர்த் வயரைக் கழற்ற வேண்டும். எந்த வயர் எந்தத் துளையில் என்று படம் எடுத்துக்கொள்ள வேண்டும். டெர்மினலின் முதுகில் ஒரு சிறு நாக்கு நிமிர்ந்து நின்று, பிளாஸ்டிக்கின் படியில் மாட்டிக்கொண்டிருக்கிறது. அதனால் வயரை எவ்வளவு இழுத்தாலும் வராது; இழுத்தால் வயர்தான் அறும். வயரை ஒருமுறை முன்னோக்கித் தள்ளி நாக்கின் மேலுள்ள இறுக்கத்தைத் தளர்த்தி, கப்ளரின் வாய்ப்பக்கமாக மெல்லிய கருவியை நுழைத்து நாக்கை அமுக்கினால், டெர்மினல் பின்பக்கமாகத் தானே வழுக்கி வரும். திரும்பப் போடும் முன் நாக்கைக் கொஞ்சம் நிமிர்த்திவிட வேண்டும். இல்லையெனில் உள்ளே போனது போல் தோன்றி, எதிர்க் கப்ளரைச் செருகும்போது பின்வாங்கிவிடும். ஆக்சா பிளேடுத் துண்டுகளை, சூடேறி உறுதி இழக்காதபடி தண்ணீரில் நனைத்து நனைத்து, ஒன்றரை மில்லிமீட்டர் அகலத்துக்குத் தேய்த்து இந்தக் கருவிகளை நானே செய்தேன்.

புல்லட் இணைப்புகளில் நாக்கு இல்லை. ரப்பர் இறுகிப்போயிருப்பதே தொல்லை. அதைச் சுடுநீரில் நனைத்த துணியால் சுற்றி வைத்து, வயரை விட்டு உலோகத்தைப் பிடித்துத் திருகி எடுக்க வேண்டும். பச்சைக் களிம்புக்கு, குத்துவிளக்குக்குப் போடும் புளியே போதும். ஆனால் சோடா உப்பு நீரில் அலசி நன்றாக உலர்த்தாவிட்டால், மிச்சப் புளிப்பு வயரின் இழைகளுக்குள் ஏறி மீண்டும் களிம்பு பிடிக்கும்.

ஓய்வுபெற்ற ஆசிரியரான நம் மூத்த உறுப்பினர், தம் ஹெரால்டை எந்த எலெக்ட்ரீஷியன் கையிலும் இனிக் கொடுப்பதில்லை என்று வந்து உட்கார்ந்தார். இரண்டு மணி நேரம் முயன்று முதல் டெர்மினல் கையில் வந்ததும், அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, நகத்துண்டு அளவேயுள்ள அந்த நாக்கை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் தம் பேரனையும் அழைத்து வந்தார்.

வருத்தத்தோடு ஒன்றைப் பதிவு செய்கிறேன். மாங்காய்ப் பருவம் போக மற்ற மாதங்களில் பயிற்சி நடந்தும், ஒருமுறைகூட ஏழு பேருக்கு மேல் வரவில்லை. பயிற்சி வேண்டுமென்று சென்ற பொதுக்குழுவில் எழுந்து பேசியவர்களே வரவில்லை. இரவல் போன கருவிகளில் இரண்டு திரும்பவில்லை. ஒன்று முனை உடைந்து திரும்பியது. நெடுஞ்சாலையோரக் கடையில் கப்ளரை வெட்டக் கொடுத்துவிட்டு, வழியில் வண்டி நின்ற பிறகு இரவு பதினொரு மணிக்கு எனக்குத் தொலைபேசியில் அழைக்கும் அன்பர்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையை ஒதுக்கியிருந்தால் அந்த அழைப்பே தேவைப்பட்டிருக்காது.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் முறையாகப் பராமரித்துள்ளார். வரவு செலவை ஈடுகட்டி, சிறு தொகை கையிருப்பில் உள்ளது. பயிற்சிக்கான சில செலவுகளை நானே ஏற்றுக்கொண்டதால் அவை கணக்கில் இடம்பெறவில்லை. சந்தா நிலுவை சென்ற ஆண்டைவிடக் கூடியிருக்கிறது.

தலைவர், பொருளாளர், மண்டி உரிமையாளர், கூட்டங்களுக்குத் தேநீர் அளித்த கடைக்காரர் ஆகியோருக்குச் சங்கத்தின் சார்பில் நன்றி.

வரும் ஆண்டில், டெர்மினலை வயரோடு அழுத்திப் பிணைக்கும் கிரிம்பிங் கருவி ஒன்று வாங்கியாக வேண்டும். டெர்மினலின் முன் காது செம்பையும் பின் காது வயரின் உறையையும் தனித்தனியே பற்ற வேண்டும். கட்டிங் பிளையரால் நசுக்கினால் அது நிற்காது. நிலுவைச் சந்தாவில் பாதி வந்தாலே அக்கருவியை வாங்கிவிடலாம். என் பதவிக்காலம் இக்கூட்டத்தோடு முடிகிறது. பொறுப்பை வேறொருவர் ஏற்க முன்வந்தால் பயிற்சிப் பலகையையும் கருவிப் பெட்டியையும் மகிழ்ச்சியோடு ஒப்படைப்பேன். நானே தொடர வேண்டுமென்று பொதுக்குழு கருதினால், அதற்கு முன் அந்த இரண்டு கருவிகளும் மண்டிக்குத் திரும்பி வர வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்