புள்ளிகளுக்கு நடுவே ஒரு வட்டம்

பட்டுக்கோட்டை
ஞாயிறு மாலை

அன்பு மகள் கயல்விழிக்கு,

அப்பா எழுதுவது. இங்கு நானும் அம்மாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் கதிரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மழை இன்னும் பிடிக்கவில்லை. கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, கவலைப்படாதே.

போன வாரம் கதிர் தொலைபேசியில் கேட்டானே, "தாத்தா, நம் பிரபஞ்சத்துக்கு வெளியே வேறு பிரபஞ்சங்கள் இருக்கின்றனவா?" என்று. நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து நீ, "அதெல்லாம் சினிமாக் கதை. பார்க்கவே முடியாத ஒன்றுக்கு ஆதாரம் எங்கிருந்து வரும்? போய்ப் படு" என்று முடித்துவிட்டாய். மெல்போர்னில் இரவு பத்து மணி, பிள்ளை தூங்க வேண்டும், சரிதான். ஆனால் நீ சொன்னதில் பாதிதான் சரி. மீதிப் பாதி ஒரு வாரமாக என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது.

ஒரு ஆடிட்டர் இப்படிச் சொல்லலாமா அம்மா? பணம் கைமாறிய இடத்தில் நீ ஒருநாளும் இருந்ததில்லை. ரசீதையும் பேரேட்டையும் வைத்துத்தானே கையெழுத்துப் போடுகிறாய்? கண்ணால் காணாததற்கும் தடயம் இருக்கலாம். தடயம் எது, வெறும் இரைச்சல் எது என்று பிரிப்பதுதான் பாடு.

அந்தப் பாட்டை உன் அப்பனும் கொஞ்சம் பட்டவன். உனக்கு நினைவிருக்கும், இலங்கைத் தொலைக்காட்சியான ரூபவாஹினி பார்ப்பதற்காக இந்த ஊரில் வீட்டுக்கு வீடு ஜி.ஐ. பைப் நட்டு ஆன்டெனா கட்டிய காலம். ஒரு வீட்டில் படம் புள்ளி அடிக்கிறது என்று பெட்டியைப் பிரித்துப்போட்டு இரண்டு நாள் நோண்டினேன். பூஸ்டரை மாற்றினேன், வயரை மாற்றினேன். மூன்றாம் நாள்தான் தெரிந்தது, அடுத்த தெரு மாவு மில்லின் மோட்டார் ஓடும்போது மட்டும்தான் புள்ளி வருகிறது என்று. கூலி கேட்க எனக்கே வெட்கமாக இருந்தது.

1964-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஆர்னோ பென்சியாஸ், ராபர்ட் வில்சன் என்ற இருவருக்கும் இதே தலைவலி. அவர்கள் வைத்திருந்தது பெரிய கொம்பு ஆன்டெனா. எந்தத் திசையில் திருப்பினாலும், பகலென்றாலும் இரவென்றாலும், மாறாத ஒரு மெல்லிய இரைச்சல். பக்கத்து நியூயார்க் நகரமாக இருக்குமோ என்று பார்த்தார்கள், இல்லை. கொம்புக்குள் புறாக்கள் கூடுகட்டி எச்சமிட்டிருந்தன. புறாக்களை விரட்டி எச்சத்தைச் சுரண்டிக் கழுவினார்கள். இரைச்சல் போகவில்லை. கழிக்க வேண்டியதையெல்லாம் கழித்த பிறகும் மிச்சம் நின்ற அதுதான் பிரபஞ்சத்தின் இளமைக்கால வெப்பத்தின் எச்சம். 1380 கோடி ஆண்டு வயதான பிரபஞ்சத்துக்கு ஏறக்குறைய 3,80,000 வயதாக இருந்தபோது புறப்பட்ட ஒளி, ஆறி ஆறி இன்று மைனஸ் 270 டிகிரியில் வானமெங்கும் பரவியிருக்கிறது. 1978-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. எனக்கு மாவு மில்லுக்காரர் ஒரு டீ வாங்கிக் கொடுத்தார்.

வேறு பிரபஞ்சம் பற்றிய தடயம் எங்காவது இருக்குமானால் அது இந்த ஒளியில்தான் இருக்கும் என்று சிலர் தேடினார்கள். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே.

ஆலன் கூத் என்ற இயற்பியலாளர் 1981-இல் ஒரு கருத்தை வெளியிட்டார்: தொடக்கத்தில், நினைத்துப் பார்க்க முடியாத அளவு சிறிய பொழுதுக்குள் வெளி மிகப்பெரிதாக விரிந்தது என்று. பிறகு விலென்கின், லிண்டே என்ற வேறு இரண்டு இயற்பியலாளர்கள் கணக்குப் போட்டுப் பார்த்தால், இந்த விரிவு ஒருமுறை தொடங்கிவிட்டால் எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் நிற்காது என்று வந்தது. கொதிக்கிற கஞ்சியில் அங்கங்கே குமிழி கிளம்புவது போல, நின்ற இடமெல்லாம் ஒரு பிரபஞ்சம். நாம் அதில் ஒரு குமிழிக்குள் இருக்கிறோம். குமிழிகளுக்கு இடையே உள்ள வெளி விரிந்துகொண்டே போவதால் பெரும்பாலானவை ஒன்றையொன்று தொடாமலே விலகிவிடும். ஆனால் அருகருகே பிறந்த இரண்டு மோதிக்கொள்ள வாய்ப்புண்டு. நம் குமிழி அப்படி மோதியிருந்தால், அந்தப் பழைய ஒளியில் வட்டமாக ஒரு தழும்பு இருக்கும். வட்டத்துக்குள் சுற்றுப்புறத்தைவிடச் சற்றே சூடாகவோ குளிராகவோ இருக்கும்.

சும்மா கதை விடுகிறவன் இப்படி "இந்த இடத்தில் இந்த வடிவத்தில் தேடு" என்று சொல்ல மாட்டான். அதனால்தான் நீ அதைச் சினிமா என்று தள்ளியது எனக்குப் பிடிக்கவில்லை.

2011-இல் லண்டனைச் சேர்ந்த ஸ்டீபன் ஃபீனி, ஹிரண்யா பீரிஸ் முதலான விஞ்ஞானிகள், அந்தப் பழைய ஒளியைப் படமெடுத்த டபிள்யூமேப் விண்கலத்தின் ஏழாண்டுத் தரவில் இந்த வட்டங்களைத் தேடினார்கள். பீரிஸ் இலங்கையில் பிறந்தவர். நாங்கள் ஆன்டெனாவை இலங்கைப் பக்கம் திருப்பிவைத்துக்கொண்டு படம் வருமா என்று பார்த்தோம், அங்கே பிறந்த பெண் வானத்தையே திருப்பிப் பார்த்திருக்கிறார்! அவர்கள் செய்த முறைதான் எனக்கு மிகவும் பிடித்தது. மோதலே இல்லாத பொய் வானம் ஒன்றைக் கணினியில் உண்டாக்கி, வெறும் இரைச்சல் நம்மை எவ்வளவு ஏமாற்றும் என்று முதலில் அளந்தார்கள். பிறகுதான் உண்மையான வானத்துக்கு வந்தார்கள். மோதல் தழும்பாக இருக்கக்கூடிய நான்கு இடங்கள் கிடைத்தன. ஆனால் மோதல் நடந்தது என்று சொல்ல அவை போதாது என்று அவர்களே எழுதிவிட்டார்கள்.

இரைச்சலில் கண் எதையும் பார்க்கும் அம்மா. அதே டபிள்யூமேப் படத்தில் ஸ்டீபன் ஹாக்கிங்கின் பெயரின் இரண்டு முதலெழுத்துகள், எஸ்ஸும் ஹெச்சும், பளிச்சென்று தெரியும். விண்கலத்தை நடத்தியவர்களே அதை எச்சரிக்கையாக எடுத்துக் காட்டினார்கள். எரிடனஸ் விண்மீன் கூட்டத்தின் பக்கம் இயல்பைவிடக் குளிர்ந்த ஒரு திட்டு இருக்கிறது. குளிர்ச்சி எவ்வளவு என்கிறாய்? ஒரு டிகிரியை லட்சம் கூறாக்கினால் அதில் ஏழு கூறு. இன்னொரு பிரபஞ்சம் பதித்த முத்திரை அது என்று சொன்னவர்கள் உண்டு. அந்தத் திசையில் விண்மீன் மண்டலங்கள் குறைந்த ஒரு பெருவெளி இருப்பது பிறகு தெரிந்தது. குளிர்ச்சியில் ஒரு பகுதிக்குத்தான் அது கணக்குச் சொல்கிறது. மீதி வெறும் தற்செயலாகவும் இருக்கலாம். மாவு மில் ஓடுகிறதா என்று பார்க்காமல் பெட்டியைப் பிரிக்கக் கூடாது.

அதற்குப் பின் பிளாங்க் என்ற விண்கலம் அதே ஒளியை இன்னும் நுணுக்கமாகப் படம் எடுத்தது. எல்லோரும் ஒப்பும்படி ஒரு தழும்பும் அதிலிருந்து வரவில்லை.

நீ சொன்ன பாதி சரியாவது இங்கேதான். தழும்பு கிடைத்திருந்தால் பெரிய செய்தி. கிடைக்காததால் வேறு பிரபஞ்சம் இல்லை என்று ஆகிவிடுமா? ஆகாது. மோதல் அவ்வளவு அரிது என்று சொல்லிவிடலாம். வென்றால் பரிசு உண்டு, தோற்றால் தண்டம் இல்லை என்ற பந்தயம் இது. ஜார்ஜ் எல்லிஸ், ஜோசப் சில்க் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 2014-இல் கண்டித்து எழுதியது இந்த மாதிரிப் போக்கைத்தான். அவர்கள் கோபம் நியாயமானது.

மறைமுகச் சான்று ஒன்றும் உண்டு. 1987-இல் ஸ்டீவன் வைன்பெர்க் என்ற இயற்பியலாளர், பிரபஞ்சங்கள் பலவாக இருந்து நாம் விண்மீன் மண்டலங்கள் உருவாக இடங்கொடுக்கும் ஒன்றில் இருக்கிறோம் என்றால், வெற்றுவெளியின் ஆற்றல் மிகச் சிறியதாக, ஆனால் பூஜ்யமாக இல்லாமல் இருக்க வாய்ப்பு அதிகம் என்றார். 1998-இல் வெடிக்கும் விண்மீன்களை அளந்த இரண்டு குழுக்கள் அந்த ஆற்றலை அப்படித்தான் கண்டன. பேரேட்டில் ஒரு வரி ஒத்துப்போகிறது, அவ்வளவுதான். ஒரு வரியை வைத்து நீ கையெழுத்துப் போட மாட்டாய். வைன்பெர்க்கும் முழுதாகப் போடவில்லை. பல பிரபஞ்சங்கள் உண்டு என்பதற்கு வானியலாளர் மார்ட்டின் ரீஸ் தன் நாயின் உயிரைப் பந்தயம் வைப்பேன் என்றாராம், லிண்டே தன் உயிரையே வைப்பேன் என்றாராம். லிண்டேயின் உயிரையும் ரீஸின் நாயையும் பந்தயம் வைக்கும் அளவுக்கு எனக்கு நம்பிக்கை உண்டு என்றார் வைன்பெர்க்!

கதிர் பார்த்த படத்தில் வருகிற, தன்னைப் போலவே இன்னொருவன் திரிகிற உலகங்கள் வேறு வகை. 1957-இல் ஹியூ எவரெட் என்ற இயற்பியலாளர், அணு அளவில் நடப்பதைச் சொல்லும் குவாண்டம் கணக்கிலிருந்து கிளப்பியவற்றுக்கு உறவு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம் என்று அவனிடம் சொல்.

டிசம்பர் விடுமுறையில் வருகிறீர்கள் அல்லவா? பரணில் பழைய சாலிடேர் டிவி பெட்டி அப்படியே இருக்கிறது. படக்குழாய் நன்றாக இருக்கிறது, இரண்டு கண்டென்சர் மாற்றினால் ஓடும். நிலையமே இல்லாத இடத்தில் திருப்பி வைத்தால் திரை முழுக்க அரிசி கொட்டியதுபோலப் புள்ளி வருமே, அதில் நூற்றுக்கு ஒரு பங்கு அந்தப் பழைய ஒளிதான் என்பார்கள். கதிரை முன்னால் உட்காரவைத்துக் காட்டுகிறேன். எத்தனை நாள் லீவு என்று முன்பே எழுது, கண்டென்சருக்குத் தஞ்சாவூர் போக வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
அன்புடன் அப்பா