செயலாளரின் ஆண்டறிக்கை, 2024 – 2025

தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, உறுப்பினர்களே, அழைப்பை ஏற்று வந்திருக்கும் பெற்றோரே, அனைவருக்கும் வணக்கம்.

வழமையான விடயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். இந்த ஆண்டு நமது பேச்சுச் சிகிச்சைச் சங்கத்தின் செயற்குழு 9 தடவை கூடியது. அதில் ஒரு நாள் மழையில் பாதிப் பேர் கொழும்பு – காலி வீதியில் மாட்டிக்கொண்டதால் கூட்டம் சூமில் நடந்தது. புதிதாக 6 பேர் சேர்ந்தார்கள். 2 பேர் வெளிநாடு போய்விட்டார்கள். கணக்கு வழக்கைப் பொருளாளர் சொல்வார். சந்தா பாக்கி வைத்திருப்பவர்களின் பெயர்களை வாசிக்க வேண்டாம் என்று நான்தான் அவரிடம் கேட்டுக்கொண்டேன். பிள்ளைகளின் அந்தரங்கத்தைப் பற்றி ஆண்டு முழுக்கக் கதைத்துவிட்டு அதைச் செய்தால் நன்றாக இராது.

சரி, விடயத்துக்கு வருகிறேன். இந்த ஆண்டு நாம் செய்த வேலையில் முக்கால்வாசியும் ஒரு பிழையிலிருந்து தொடங்கியது. பிழை விட்டது நான்.

ஒக்டோபர் 1, சிறுவர் தினம். நம்மிடம் சிகிச்சைக்கு வரும் பிள்ளைகளைக் கூப்பிட்டுச் சின்னதாக ஒரு விழா வைத்தோம். பலூன், கேக், பற்றிஸ். ஒரு பையன் முதல்முறையாக மைக்கைப் பிடித்து ஒரு வசனத்தை முழுதாகச் சொல்லி முடித்தான். சந்தோஷம் தாங்காமல் அதைப் படம் எடுத்து நமது உறுப்பினர் வட்ஸ்அப் குழுவில் போட்டேன். அவனுக்குப் பின்னால் இருந்த வெள்ளைப் பலகையில் அவன் பெயரும், அந்த வாரம் பழக வேண்டிய எழுத்துக்களும் இருந்ததை நான் கவனிக்கவில்லை. குழுவில் இருந்த ஒருவர் நல்ல மனதோடு அதைத் தன் அக்காவுக்கு அனுப்பினார். மூன்றாம் நாள் பையனின் அம்மாவுக்கு ரொறன்ரோவிலிருந்து அழைப்பு: “உன்ர மகனுக்குக் கதைக்க வராதாம், உண்மையோ?” அந்த வீட்டில் சித்திக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்த நேரம். அப்படி ஒரு கேள்வி நம் ஆட்களிடையே எங்கெல்லாம் போய் முட்டும் என்று இந்தச் சபைக்கு விளக்கத் தேவையில்லை.

அம்மா சண்டை பிடிக்கவில்லை. “நீங்கள் நல்லதுக்குத்தான் போட்டிருப்பீங்கள் மிஸ். என்னட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்” என்றார். பக்கத்தில் நின்ற பையன் மெதுவாகச் சொன்னான்: “என்னட்டயும் கேக்கேல்லையே.” இதை இங்கே சொல்ல இருவரிடமும் கேட்டு, சம்மதம் வாங்கினேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய இரண்டொரு விவரத்தை மாற்றியும் இருக்கிறேன்.

அதன் பிறகு நமது சம்மதப் படிவத்தை எடுத்து வாசித்தோம். பல வருடங்களாகப் பாவித்து வந்த படிவம். “எனது பிள்ளைக்கான சிகிச்சைக்கும் ஏனைய தேவைகளுக்கும் சம்மதிக்கிறேன்” என்று ஒரே ஒரு வசனம், கீழே கையெழுத்து. அந்த ‘ஏனைய தேவைகள்’ என்ற சொல்லுக்குள் ஒரு யானையை நுழைக்கலாம். இப்போது அதை உடைத்துவிட்டோம். சிகிச்சைக்கு ஒரு கையெழுத்து. சிகிச்சைக்காக ஒலிப்பதிவோ வீடியோவோ செய்ய வேறொன்று. அந்த வீடியோவைப் பயிற்சி வகுப்பில் காட்ட இன்னொன்று. வெளியில் போடுவது பற்றிப் படிவத்தில் எதுவுமே இல்லை, ஏனென்றால் வெளியில் போடுவதில்லை என்று தீர்மானித்துவிட்டோம். எந்தச் சம்மதத்தையும் எப்போது வேண்டுமானாலும் திருப்பி எடுக்கலாம். எடுத்ததற்காகச் சிகிச்சை நிற்காது. கடைசியில் பிள்ளைக்கென்று ஒரு பெட்டி இருக்கிறது. சிரித்த முகம், சிரிக்காத முகம், இரண்டில் ஒன்றை அவனோ அவளோ தொட்டுக் காட்டலாம். சிரிக்காத முகத்தைத் தொட்டால் கமரா பைக்குள் போய்விடும், அம்மா கையெழுத்து வைத்திருந்தாலும்.

இதெல்லாம் நம் இஷ்டத்துக்குச் செய்த சீர்திருத்தம் என்று நினைக்க வேண்டாம். 1991ல் இலங்கை ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 16ஆம் உறுப்புரை பிள்ளையின் அந்தரங்கத்தைப் பற்றியது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலம் பற்றிய தகவலையும் பிள்ளையைப் பற்றிய தகவலையும் விசேட வகைத் தரவுகளில் சேர்த்திருக்கிறது. நம் கோப்புகளில் இருப்பது இரண்டும்தான். அந்தச் சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வருவது 2025ல் தள்ளிப்போனது. அதுவரை காத்திருப்போமே என்று ஒரு உறுப்பினர் சொன்னார். மற்றவர்கள் அவரைப் பார்த்த பார்வையை நான் அறிக்கையில் எழுதவில்லை.

அப்புறம் கைபேசி. வட்ஸ்அப்பில் அம்மா அனுப்பும் வீட்டுப்பாட வீடியோ, அமைப்பை மாற்றாவிட்டால், தானாகவே நம் போனின் படத்தொகுப்புக்குள் விழுகிறது. காப்புப்பதிவு போட்டிருந்தால், அங்கிருந்து கூகிள் போட்டோஸுக்கு ஏறுகிறது. அதே கணக்கு வீட்டு டப்லெட்டிலும் திறந்திருந்தால் அங்கேயும் வந்து நிற்கிறது. நமது உறுப்பினர் ஒருவரின் மகள் கார்ட்டூன் பார்க்கப் போய், “அம்மா, இந்தப் பிள்ளை ஏன் அழுகுது?” என்று கேட்ட பிறகுதான் அவருக்கே இது தெரியவந்தது. ஜனவரிக் கூட்டத்தில் ஆளுக்காள் போனை மேசையில் வைத்து, அந்த இடத்திலேயே அமைப்புகளை மாற்றினோம். பயனுள்ள ஒரு மணித்தியாலம். வேலைக்கென்று தனி எண், தனிப் போன் என்பது எல்லோராலும் முடியாது, விலை அப்படி. பார்த்து முடித்த வீடியோவை அன்றைக்கே அழிப்பது எல்லோராலும் முடியும்.

அறைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் நாம் வாடகைக்கு எடுத்திருக்கும் இரண்டு அறைகளுக்கும் காத்திருக்கும் இடத்துக்கும் நடுவில் இருப்பது ஒட்டுப்பலகைத் தடுப்பு. ஒரு சனிக்கிழமை சோதித்துப் பார்த்தோம். ஒருவர் உள்ளே இருந்து சாதாரணக் குரலில் பத்திரிகை வாசிக்க, மூன்று பேர் வெளியே இருந்து கேட்டதை எழுதினோம். மரண அறிவித்தல் பக்கத்தில் பிள்ளைகள், மருமக்கள் பெயர் முதற்கொண்டு எழுத முடிந்தது. ரயில் போன நேரம் மட்டும் தாளில் இடைவெளி. அதாவது இத்தனை நாளும் பெற்றோர் உள்ளே அழுது சொன்னதற்கெல்லாம் கரையோர ரயில்தான் மறைப்பு. இப்போது தடுப்போடு சேர்த்துப் புத்தக அலுமாரியை நகர்த்தி, தடித்த திரை போட்டு, வெளியே ஒரு வானொலி வைத்திருக்கிறோம். மறுபடி சோதித்தோம். சொற்கள் கேட்கவில்லை, குரல் கேட்கிறது. ஓரளவுக்குப் பரவாயில்லை. பெயரை உரக்கக் கூப்பிட்டு உள்ளே அழைப்பதையும் நிறுத்திவிட்டோம், பக்கத்தில் போய் நின்று கூப்பிடுகிறோம்.

பழைய கோப்புகள் விடயத்தில் நம்மை உலுக்கியது ஒரு கடலைச் சரை. உறுப்பினர் ஒருவர் மாலையில் கடற்கரையில் கடலை வாங்கித் தின்று முடித்துச் சரையை விரித்தால், யாரோ ஒரு பிள்ளையின் மதிப்பீட்டு அறிக்கை. பெயர், வயது, ‘கவனக் குறைவு’ என்று சிவப்புக் கோடு. நம்முடையது அல்ல, யாருடையது என்று தேடவும் இல்லை. கிழித்துப் போட்டோம். ஆனால் அந்த வாரமே நம் அலுமாரியின் மேல்தட்டைத் திறந்து பார்த்தோம். பழைய பேப்பர்காரருக்குப் போடக் கட்டிவைத்த கட்டில் அதே மாதிரித் தாள்கள் இருந்தன. இப்போது ஒரு தாள் வெட்டும் இயந்திரம் வாங்கியிருக்கிறோம். அலுமாரிக்குப் பூட்டும் போட்டாயிற்று. திறப்பு இன்னும் அலுமாரிக்கு மேலேதான் இருக்கிறது என்பதையும் உண்மைக்காகச் சொல்லிவிடுகிறேன்.

மொழிபெயர்ப்பு, கொழும்பில் நமக்கே உரிய பிரச்சினை. மருத்துவர் சிங்களத்தில் கேட்கிறார், அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான், நடுவில் நிற்பது பதினொரு வயது அக்கா. தம்பியின் படுக்கை நனைதல், அப்பாவின் குடி, எல்லாம் அந்தப் பிள்ளையின் வாய் வழியாகப் போய் வருகின்றன. சில இடங்களில் வாசலில் நிற்கும் காவலாளிதான் மொழிபெயர்ப்பாளர். இரு மொழியும் தெரிந்த நம் உறுப்பினர்கள் 7 பேர் முறைவைத்து உதவ முன்வந்தார்கள். கேட்டதை வெளியில் கதைப்பதில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறார்கள். 7 பேர் போதாது.

இனி, இரண்டு கூட்டங்களை முழுதாக விழுங்கிய விவாதம். மூத்த உறுப்பினர் ஒருவர், நான் மிகவும் மதிப்பவர், கேட்டார்: “இவ்வளவு தூரம் அந்தரங்கம் என்று சொல்கிறோம். நாளைக்கு ஒரு பிள்ளை வீட்டில் நடக்கும் கொடுமையைச் சொன்னால் சிறுவர் பாதுகாப்பு இலக்கமான 1929க்கு அழைக்க வேண்டும் என்றும் சொல்கிறோம். இரண்டும் எப்படிச் சரிவரும்? ஒரு தரம் அழைத்தால் அந்த ஒழுங்கையிலிருந்து ஒரு பெற்றோரும் நம்மிடம் வரமாட்டார்கள்.” அவர் பயம் பொய்யானதில்லை. ஆனால் நம் வீடுகளில் ‘இரகசியம்’ என்று காக்கப்படுவது பல சமயம் பெரியவருடையது. விலை கொடுப்பது பிள்ளை. பிள்ளையின் அந்தரங்கத்தை அதோடு ஒரே பெட்டியில் போட்டுப் பூட்ட முடியாது என்று செயற்குழு முடிவு செய்தது. மூத்தவர் கடைசியில் உடன்பட்டார், ஒரு நிபந்தனையோடு: இந்த எல்லையை முதல் நாளே பெற்றோருக்கும் பிள்ளைக்கும் சொல்லிவிட வேண்டும். நியாயமான நிபந்தனை. படிவத்தின் முதல் பந்தியே இப்போது அதுதான்.

தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்டது. அதன் 1929 இலக்கத்துக்கு எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம். அழைப்பதற்கு முன் நாம் செய்யக்கூடாதவைதான் அதிகம். “யாரிட்டயும் சொல்ல மாட்டன்” என்று பிள்ளைக்கு வாக்குக் கொடுக்கக்கூடாது. துருவித் துருவிக் கேட்கக்கூடாது. பிள்ளையின் ஆரம்ப வாக்குமூல வீடியோப் பதிவை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்க 1999ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டம் இடம் தருகிறது. அதற்கு முன்னரே நாம் பத்துக் கேள்வி கேட்டு, பத்துச் சொல்லை வாயில் ஊட்டிவிட்டால், அந்தச் சாட்சியம் யாருடைய சொல் என்ற சந்தேகம் வரும். பிள்ளை சொன்னதை அதே சொல்லில், கொச்சையாக இருந்தால் கொச்சையாகவே, திகதியும் நேரமும் போட்டு எழுதுவது மட்டும்தான் நம் வேலை.

சொல்லவே முடியாத பிள்ளை? நம்மிடம் வருபவர்களில் பலர் அப்படித்தான். படப் பலகையைத் தொட்டுத்தான் பேசுவார்கள். மார்ச்சில் நமது பலகைகளை எல்லாம் மேசையில் பரப்பிப் பார்த்தோம். அப்பம் இருந்தது, ஓட்டோ இருந்தது, கடல், பட்டம், அம்மம்மா எல்லாம் இருந்தன. ‘நிற்பாட்டு’ இல்லை. ‘வலிக்குது’ இரண்டு பலகைகளில் மட்டும். மறைவான உறுப்புகளுக்கு எதிலுமே சொல் இல்லை. பேசாத பிள்ளைக்கு நாம் கொடுத்த மொழியில் முறையிட அநேகமாக ஒரு சொல்லும் இல்லை என்று அன்றைக்குத்தான் கண்டோம்.

என்ன சொல் போடுவது என்பதில் ஒரு மாலை போனது. வீட்டுக்கு வீடு ஒரு செல்லச் சொல். அந்தச் சொல் பொலிஸ் உத்தியோகத்தருக்கோ மருத்துவருக்கோ விளங்காது. அகராதிச் சொல் பிள்ளைக்கு விளங்காது. கூச்சத்தில் சிலர் ஜன்னல் வழியே கடலைப் பார்த்தார்கள். கடைசியில் உடம்பின் வரைபடம் ஒன்றைப் போட்டு, தொட்டுக் காட்டினால் போதும் என்றும், வீட்டுச் சொல்லைப் பெற்றோரிடம் கேட்டுக் கோப்பில் குறிப்பது என்றும் முடிவானது. ‘வேண்டாம்’ என்ற அட்டை இப்போது எல்லாப் பலகையிலும் வலது மேல் மூலையில் இருக்கிறது.

அதைப் போட்டபின் சிரமம் நமக்குத்தான். வாயைத் திற, கையைக் கட்டு, இங்கே பார் என்று பணிய வைப்பதையே முன்னேற்றம் என்று எழுதிப் பழகிய தொழில் இது. புதிய பலகை கிடைத்த ஒரு சிறுமி முதல் வாரம் முழுக்க ‘வேண்டாம்’ ஒன்றையே தொட்டாள். உதட்டைப் பிடித்து ஒலி பழக்கப் போனேன்: வேண்டாம். கண்ணாடியைக் காட்டினேன்: வேண்டாம். நான் கையை எடுத்துவிட்டேன். நாலாம் நாள் அவளே என் விரலைப் பிடித்துத் தன் உதட்டில் வைத்தாள். அந்த வார அறிக்கையில் ‘ஒத்துழைப்புக் குறைவு’ என்று எழுதி, பிறகு வெட்டிவிட்டேன்.

செய்யாமல் விட்டவையும் உண்டு. சிகிச்சை அறைக் கதவுகளில், வெளியிலிருந்து பார்க்கக்கூடியதாக, கண்ணாடி போடும் வேலைக்கு வீட்டுச் சொந்தக்காரர் இன்னும் இணங்கவில்லை. அதுவரை கதவு ஒரு சாண் திறந்திருக்கும், திரை தொங்கும். வீட்டுக்குப் போய்ச் சிகிச்சை செய்யும்போது வளர்ந்த ஒருவர் அங்கே இருக்க வேண்டும் என்ற விதியைப் பெரும்பாலானோர் கடைப்பிடிக்கிறார்கள். தொண்டர்களிடம் பொலிஸ் நற்சான்றிதழ் கேட்பது பாதியில் நிற்கிறது. நடத்தை விதிகளில் 3 பேர் இன்னும் கையெழுத்திடவில்லை. பெயர் வாசிக்கமாட்டேன், அவர்களுக்கே தெரியும்.

மண்டபம் தந்தவர்களுக்கும், படம் வரைந்து தந்த மாணவிகளுக்கும், திட்டாமல் திருத்திய அந்த அம்மாவுக்கும் சங்கத்தின் நன்றி.

புதிய படிவங்கள் வாசல் மேசையில் இருக்கின்றன, தேநீருக்குப் போகும்போது எடுத்துக்கொள்ளுங்கள். பின்வரிசையில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருக்கிறார்கள். போன்களைப் பையிலேயே வைத்திருங்கள்.

செயலாளர்