பக்கத்து அறைப் பொடியன்

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று விடிய வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டேன். கால் வீக்கம் வற்றிவிட்டது, யோசிக்காதே.

கொழும்பு வெள்ளவத்தையில் உன் அறையில் நின்ற நாலு நாளும் ஒன்று மனதை அரித்துக்கொண்டே இருந்தது. நான் நித்திரை என்று நினைத்து, இரவு பதினொன்றரைக்குக் கொத்துரொட்டிப் பார்சலை மடியில் விரித்து, போனைத் தண்ணீர்ப் போத்தலில் சாய்த்து வைத்துச் சாப்பிட்டாய். போனுக்குள் யாரோ விழுந்து விழுந்து சிரித்தார்கள். நீ ஒருதரமும் சிரிக்கவில்லை. அரைவாசியை அப்படியே சுற்றி வைத்துவிட்டாய்.

உலக சுகாதார நிறுவனம் 2025 ஜூனில் வெளியிட்ட அறிக்கை பற்றிப் பேப்பரில் வந்திருந்தது. உலகத்தில் ஆறு பேரில் ஒருவருக்குத் தனிமை. 13 முதல் 29 வயது வரை உள்ளவர்களில் 17 முதல் 21 சதவீதம் பேர் தனிமையாய் இருக்கிறது என்கிறார்களாம். இது வயது போன எங்கள் கவலை என்றல்லவா நினைத்திருந்தேன். உன் 26 வயதும் அந்தக் கணக்குக்குள் வருகிறது என்று அன்றிரவுதான் உறைத்தது.

போனைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அதில்தானே தினமும் உன் முகத்தைப் பார்க்கிறேன். ஆனால் அதில் தெரிவது ‘சாப்பிட்டேன் அம்மா, வேலை கூட’ என்று சொல்லும் முகம். அன்றிரவு பார்த்த முகத்தை நீ எனக்குக் காட்டியதே இல்லை.

யுத்தம் நடந்த தொண்ணூறுகளில் இங்கே கரண்ட் இல்லை, குப்பி விளக்குத்தான். பயத்துக்கும் குறைவில்லை. ஆனாலும் பின்னேரமானால் யாராவது படலையைத் திறந்துகொண்டு வருவார்கள்.

சரி, உனக்குச் சொல்லாத ஒன்று. நீ வேலைக்குப் போனபிறகு உப்புக் கேட்டுப் பக்கத்து அறையைத் தட்டினேன். மட்டக்களப்புப் பொடியன். அறையிலிருந்தே கம்ப்யூட்டர் வேலையாம். அவன் மேசையிலும் ஒரு போத்தல், அதில் சாய்த்த போன். “அண்ணாவின் அலாரம் தினமும் ஆறரைக்குக் கேட்கும் அம்மா, ஆனால் கதைத்ததில்லை” என்றான். வந்து எட்டு மாதமாம்! உப்பைத் தந்தபிறகும் கதவைச் சாத்தாமல் அரை மணித்தியாலம் என்னோடு கதைத்துக்கொண்டு நின்றான்.

மனம் தாங்காத இரவென்றால் எத்தனை மணியானாலும் எனக்குப் போன் எடு. அம்மாவிடம் சொல்ல ஏலாதது என்றால் 1926க்கு எடு. தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம் அது. வெட்கப்பட ஒன்றுமில்லை, ராசா.

அப்புறம், பருத்தித்துறை வடை அலுமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. அதில் பாதி அந்தப் பொடியனுக்கு. சனிக்கிழமை பின்னேரம் நீ கொண்டு வருவாய் என்று அவனிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா